நகரமன்ற உறுப்பினரும் அலுவலரும்: திருச்சிராப்பள்ளி, திருவரங்க நகராட்சிகளின் வரலாற்றிலிருந்து

திருச்சிராப்பள்ளி நகராட்சியின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதன் தலைவர்களையும் தேர்தற் பூசல்களையுமே எடுத்துரைப்பர். அதற்குக் காரணம் இல்லாமலில்லை. 1936ஆம் ஆண்டில் இந்நகரசபைத் தலைவர் பதவி பற்றிக் காங்கிரஸ் கட்சியினுள்ளே எழுந்த பிணக்கு மாகாண அரசியலையே அசைத்துவிட்டது. பி. இரத்தினவேல் தேவரும் டாக்டர் சுவாமிநாத சாஸ்திரியும் எதிர்நின்ற அப்போட்டியின் விளைவாக, இராஜாஜி கட்சிப் பொறுப்புக்களினின்று சிலகாலம் விலகி நிற்கவும் நேர்ந்தது. அந்நிகழ்ச்சி நூல்களில் இடம்பெற்றுள்ளது. ஆனால், அதே ஆண்டில் வரகனேரியிலோ உறையூரிலோ வாழ்ந்த ஒருவர் தம் தெருவிளக்கு எரியவில்லையென்று முறையிட்டபோது, அம்முறையீடு யார் கையிலிருந்து யார் கைக்குச் சென்றது, எவ்வாறு முடிவெய்தியது என்பதை ஆராய்ந்தார் அரியர். வாக்களித்த குடிமகனுக்கு நகராட்சி என்பது தலைவர் தேர்தலன்று; விளக்கும் நீரும் சாக்கடையுமேயாகும். இவை உறுப்பினரின் சொல்லாலும் அலுவலரின் கையாலும் நிறைவேறுவன. இவ்விரண்டிற்குமிடையே அமைந்த உறவு காலந்தோறும் எவ்வாறு மாறிற்று என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ்நாட்டில் ஊராட்சி பற்றிப் பேசுவோர் உத்தரமேரூர்க் கல்வெட்டுக்களைக் காட்டாமல் விடுவதில்லை. முதற் பராந்தக சோழன் காலத்தில் கி. பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வரையப்பட்ட அவை குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. உறுப்பினர்க்குரிய தகுதிகளாக நிலம், மனை, வயது, கல்வி ஆகியவற்றைப் பலரும் எடுத்துக்காட்டியுள்ளனர். அக்கல்வெட்டுக்களில் வேறொரு செய்தியும் உண்டு. அஃது அத்துணைக் கவனம் பெறவில்லை. குடத்திலிருந்து ஓலையை எடுப்பவன் ஒன்றும் அறியாச் சிறுவன். அவ்வோலையை ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் ஏற்று அவையோர் கேட்கப் படிப்பவனோ மத்தியஸ்தன், அதாவது சபையின் ஊழியன். உறுப்பினன் இன்னான் என்பதே ஊழியன் ஒருவனது விரிந்த கையின்மீது நின்று தெரிந்தது. மேலும், கணக்கெழுதுவோன் நேர்மையான ஈட்டமுடையவனாக இருத்தல் வேண்டும் என்பதும், தான் எழுதிய கணக்கைத் தானே பெருமக்களிடம் காட்டிக் குற்றமற்றவன் எனப் பெற்ற பின்னரே மீண்டும் அப்பணிக்கு உரியவனாவான் என்பதும், ஒருவன் எழுதிய கணக்கை மற்றொருவன் முடித்தல் கூடாது என்பதும் ஆங்கே விதிக்கப்பட்டுள்ளன. எனவே, உறுப்பினனுக்கு விதித்தாற்போலவே ஊழியனுக்கும் வரையறை வகுக்க வேண்டுமென்பதைப் பத்தாம் நூற்றாண்டினர் நன்கு அறிந்திருந்தனர். அஃது ஒரு பிரமதேயத்தின் சபை என்பதையும், ஊரிலுள்ளார் அனைவர்க்கும் அதில் இடமில்லை என்பதையும் மறந்து, அதனை இக்கால மக்களாட்சியின் முன்மாதிரியாகப் புகழ்தல் பொருந்தாது. ஊழியன் பற்றிய விதிகளே எனக்கு அதன் சிறந்த பகுதியாகத் தோன்றுகின்றன.

இக்கால நகராட்சி இவ்வழியில் வந்ததன்று. 1865ஆம் ஆண்டு நகர்ச் சீர்திருத்தச் சட்டத்தின்கீழ் 1866 நவம்பர் முதல் நாளன்று திருச்சிராப்பள்ளி நகராட்சி தோன்றிற்று. பதவி வழியாக அமர்ந்த இருவரும் நியமனம் பெற்ற ஒன்பதின்மரும் ஆகப் பதினொருவர் முதல் மன்றத்தில் இருந்தனர். அச்சட்டம் நகரின் காவற்செலவில் பெரும்பகுதியை நகராட்சியின் தலைமேல் ஏற்றியது. ஆகவே, வீட்டுவரி கொடுத்தவன் தான் கேளாத போலீசுக்கும் பணம் கொடுத்தான். கேட்ட சாக்கடைக்கு எஞ்சியதே கிடைத்தது. 1871ஆம் ஆண்டுச் சட்டம் அச்சுமையை நீக்கியது. திருவரங்கமும் அவ்வாண்டிலேயே தனி நகராட்சியாயிற்று. திருச்சிராப்பள்ளியில் உறுப்பினர் தேர்தல் 1877இல் தொடங்கிற்று. தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை 1889இல் செயற்பட்டது. இடையே 1882இல் ரிப்பன் பிரபுவின் தீர்மானமும் 1884ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிச் சட்டமும் வந்தன. இத்தேர்தல்களில் வாக்குரிமை வரி செலுத்துவோருள்ளும் ஒரு சிறு பகுதியினர்க்கே உரியதாக இருந்தது. எனவே, தொடக்கத்தில் உறுப்பினர் என்பார் தெருவின் பிரதிநிதி என்பதினும் தெருவில் வாழ்ந்த பெரிய மனிதர் என்பதே உண்மைக்கு நெருங்கியது.

1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி திருச்சிராப்பள்ளியின் மக்கள்தொகை 1,04,721. சென்னைக்கும் மதுரைக்கும் அடுத்து மாகாணத்தின் மூன்றாவது பெருநகரம் இஃதேயாகும். இவ்வளவு மக்களுக்கு வேண்டியன செய்தற்குச் சில பெரிய மனிதர் மாதமொருமுறை கூடிப் பேசுதல் போதாது. ஆகவே அலுவலகம் வளர்ந்தது. மானேஜரும் குமாஸ்தாக்களும், ஓவர்சியரும், சானிடரி இன்ஸ்பெக்டரும், அம்மை குத்துவோரும், பில் கலெக்டரும், மேஸ்திரியும், அவர்க்குக் கீழே துப்புரவு செய்வோரும் என ஒரு நீண்ட வரிசை உண்டாயிற்று. இப்பெயர்களுள் மேஸ்திரி போர்த்துகீசியம், குமாஸ்தா பாரசீகம், ஏனைய ஆங்கிலம். ஊரார் அவற்றைத் தம் நாவிற்கேற்பத் திருத்திக்கொண்டு வழங்கினர். இச்சொற்களே அக்கால நகராட்சியின் இயல்பைக் காட்டுகின்றன. பணி தமிழருடையது, பதவிப் பெயர் எதுவும் தமிழன்று.

இதனினும் பெரியதொரு செய்தி, அலுவலகக் கடிதப் போக்கு பெரும்பாலும் ஆங்கிலத்தில் நிகழ்ந்தது என்பதாகும். தெருவில் உள்ளார் தமிழில் கூறிய குறை, மனு எழுதுவோர் கையிலோ குமாஸ்தாவின் குறிப்பிலோ ஆங்கிலமாக மாறியே கோப்பில் நுழைந்தது. ஆங்கிலம் அறியாத உறுப்பினரும் தம் வட்டத்துக் குறை கோப்பில் எவ்வடிவில் ஏறிற்று என்பதைக் குமாஸ்தாவைக் கேட்டே அறிந்தனர். குறைந்த ஊதியம் பெற்ற ஒருவர், பெயர் விளங்கிய ஒருவரின் சொல்லை எடுத்துச்செல்லும் நாவாக இவ்வாறு விளங்கினார். தமிழ்நாட்டில் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956ஆம் ஆண்டில் நிறைவேறியது. அதன் பயனைப் பேசுவோர் தலைமைச் செயலகத்தையே நினைப்பர். நகராட்சிப் படிக்கட்டில் மனுவோடு நின்றவர்க்கே அதனால் விளைந்த வேறுபாடு மிகுதி என்பது என் கருத்து.

ஈண்டு ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது கூறுதல் தகும். மனு என்பதற்கு ஈடாகத் தமிழ் அலுவலகங்களில் வழங்கும் விண்ணப்பம் என்னும் சொல் திருவரங்கத்திற்குப் புதிதன்று. பெருமாள் திருமுன்பு திவ்வியப் பிரபந்தத்தைப் பாடி அபிநயிக்கும் அரையரை அக்கோயில் மரபு விண்ணப்பஞ் செய்வார் என்றே குறிக்கின்றது. மேலோன் செவியிற் படும்படி உரிய முறையிற் கூறுதலே அச்சொல்லின் பொருள். அரையர் கூறுவது தம் சொல்லன்று, ஆழ்வார் சொல். நகரமன்ற உறுப்பினரும் தம் குறையைக் கூறுவாரல்லர். பிறர் குறையை எடுத்துரைப்பாரே. ஒப்புமை இவ்வளவில் நிற்கின்றது.

திருவரங்கத்தின் நிலை திருச்சிராப்பள்ளியினும் வேறானது. காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட அத்தீவில், கோயிலின் ஏழு திருச்சுற்றுக்களுள் புறத்தே அமைந்த மூன்றும் குடியிருப்புக்களாகும். உத்திர வீதி, சித்திரை வீதி, அடையவளைந்தான் என்னும் இவ்வீதிகளில் வாழ்வோர் கோயில் மதிலுக்குள்ளேயே நகராட்சிக்கு வரி செலுத்துவோராயினர். வீதி பெருமாள் புறப்பாட்டிற்குரியது. அதன் சாக்கடையோ நகராட்சிக்குரியது. தேர் ஓடும் நாளில் வடத்தைப் பிடிப்போர் ஒருபுறம் நிற்க, வழியைச் செப்பனிட்டுக் குப்பையை அகற்றுவோர் அதற்கு முன்னும் பின்னும் உழைத்தனர். 1901இல் 23,039 மக்களே வாழ்ந்த ஊர் வைகுண்ட ஏகாதசி நாட்களில் தன்னினும் பன்மடங்கு பெரிய கூட்டத்தைத் தாங்க வேண்டியிருந்தது. தேர்ந்தெடுத்த மன்றம் ஊராரது. திருவிழாவிற்கு வந்த யாத்திரிகரோ வாக்கில்லாதவர். அவர்க்காகப் பேச எந்த வட்டத்திற்கும் உறுப்பினரில்லை. காலராவைத் தடுத்தலும் நீரைத் தூய்மை செய்தலும் கழிப்பிடம் அமைத்தலும் ஆகிய அனைத்தும் சுகாதார ஊழியரின் கடமையாக நின்றன. சந்தைகள், திருவிழாக்கள் பற்றிய விதிகளை உட்கொண்ட 1939ஆம் ஆண்டுச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் இக்கடமைக்குத் தெளிவான சட்ட வலிமை தந்தது. பிரதிநிதியற்ற மக்களுக்கு அலுவலரே புகல் என்பதற்குத் திருவரங்கம் நல்லதொரு சான்றாகும்.

1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிச் சட்டம் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் வலிமையைப் பெருக்கிற்று. தலைவரே செயலாட்சியும் உடையவராயினார். அதனால் ஒரு நன்மையும் ஒரு தீமையும் விளைந்தன. உறுப்பினர் சொல் விரைவில் செயலாயிற்று. அதே விரைவில், வேண்டியவர்க்கு வேலையும் வேண்டாதவர்க்கு மாற்றமும் தருகின்ற வழக்கம் மாகாணத்து நகராட்சிகள் பலவற்றில் வேரூன்றிற்று. இதனைக் களையும் பொருட்டு 1933ஆம் ஆண்டுத் திருத்தம் பெரிய நகராட்சிகளில் கமிஷனர் என்னும் பதவியை ஏற்படுத்தி, செயலாட்சியைத் தலைவரிடமிருந்து பிரித்து அவரிடம் ஒப்படைத்தது. பின்னர் நிகழ்ந்தனவெல்லாம் இப்பிரிவினையிலிருந்தே கிளைத்தன. அதுமுதல் உறுப்பினர் வினவலாம், தீர்மானிக்கலாம், கண்டிக்கலாம். ஆனால் ஓவர்சியரை நேரே ஏவுதற்கு உரியவரல்லர். ஓவர்சியர்க்கு மேலோர் கமிஷனரே. உறுப்பினரை மீண்டும் தேர்ந்தெடுப்பவர் தெருவார். தெருவார் கேட்பதைச் செய்து முடிக்கும் ஆளோ உறுப்பினர்க்குக் கட்டுப்பட்டவரல்லர். இம்முரண்பாட்டைச் சட்டம் அறிந்தே ஏற்படுத்தியது. அதனால் ஊழல் குறைந்ததா என்பது வேறு ஆராய்ச்சி. குறை தீர்தல் இருவரிடையே உள்ள இணக்கத்தைப் பொறுத்ததாயிற்று என்பதில் ஐயமில்லை. 1936ஆம் ஆண்டுப் பூசலும், மன்றத்தின் தலைமை தன் செயல்வலிமையை இழந்துவந்த காலத்திலேயே நிகழ்ந்தது என்பது நோக்கற்பாலது.

மேலே கூறிய அலுவலர் வரிசையின் இறுதியில் நின்றோரைப் பற்றி நகராட்சி அறிக்கைகள் எண்ணிக்கையாகவே பேசுகின்றன. கொல்லைப்புற வழியே வந்து உலர் கழிப்பிடங்களிலிருந்து மலத்தைக் கூடையிலும் வாளியிலும் அள்ளிச் சென்றோர் அவர்கள். வீட்டின் முன்வாயில் அவர்க்குத் திறக்கப்படவில்லை. சாதியின் பெயராலேயே அப்பணியிற் பிணைக்கப்பட்ட இவர்களை ஊர் இழிசொல்லால் அழைத்தது. அலுவலகக் கோப்பும் அச்சொல்லையே எழுதிற்று. பின்னர்த் துப்புரவுப் பணியாளர் எனவும், அண்மை ஆண்டுகளில் தூய்மைப் பணியாளர் எனவும் அரசு அப்பெயரை மாற்றியது. மலத்தைக் கையால் அள்ளுவித்தலை 1993ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் அத்தடையை விரிவாக்கியது. பெயர் மாறியதற்கும் பணி மாறியதற்கும் இடைப்பட்ட காலம் நெடியது. உறுப்பினரிடம் வந்த முறையீடுகளுட் பல இவர்கள் வரவில்லை என்பதாகவே இருந்திருக்கும். இவர்களின் முறையீட்டை ஏற்கும் உறுப்பினரோ எளிதிற் கிடைத்திலர்.

1994 ஜூன் முதல் நாளன்று திருச்சிராப்பள்ளி, திருவரங்கம், பொன்மலை ஆகிய மூன்று நகராட்சிகளும் இணைந்து மாநகராட்சியாயின. திருவரங்கம் 1871 முதல் பெற்றிருந்த தனி மன்றத்தை இழந்து ஒரு கோட்டமாக நின்றது. தம் ஊர்த் தலைவரைச் சன்னிதித் தெருவில் காண வல்லவராயிருந்தோர், அதன்பின் காவிரிப் பாலத்தைக் கடந்து மாநகராட்சி அலுவலகம் செல்ல வேண்டியவராயினர். 74ஆவது அரசியற் சட்டத் திருத்தத்தை ஒட்டி 1996இல் தேர்தல் நடைபெற்றது. புனிதவல்லி பழனியாண்டி, சாருபாலா தொண்டைமான், சுஜாதா, ஜெயா என 2016 வரை மேயராக இருந்த நால்வரும் மகளிரேயாவர். தமிழகப் பெருநகரங்களுள் இது குறிப்பிடத்தக்கதொன்று. மன்றத்திலும் மூன்றில் ஒரு பங்கு மகளிர்க்கு ஒதுக்கப்பட்டது. மகளிர் உறுப்பினரின் இடத்தில் கணவர் நின்று பேசும் வழக்கம் தமிழ்நாட்டில் உண்டென்று பலரும் எள்ளுவர். அவ்வெள்ளலில் உண்மை உண்டு. எனினும் அதன் மறுபக்கமும் கருதற்பாலது. உறுப்பினர்க்குச் சட்டம் எழுத்தர் எவரையும் தரவில்லை. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 8,47,387 என்றிருந்த மக்களை அந்நாளைய 60 வட்டங்களுக்குப் பகுத்தால் வட்டமொன்றிற்கு ஏறத்தாழ 14,000 பேர் ஆவர். இத்தனை பேர் குறைகளைக் கேட்டெழுதவும், உதவிப் பொறியாளரைத் தேடிச் செல்லவும், குடிநீர் திறந்துவிடுவோரைத் தொலைபேசியில் அழைக்கவும் ஒருவர் வேண்டும். ஆண் உறுப்பினர்க்கு அப்பணியை மகனோ தம்பியோ கட்சித் தொண்டரோ செய்தால் எவரும் எள்ளுவதில்லை. ஊதியமற்ற இவ்வுதவியாளரே உறுப்பினரின் உண்மையான அலுவலகம். அவர்க்குக் கணக்கு இல்லை, பதிவேடு இல்லை, உத்தரமேரூர்க் கணக்கனைப் போல எவரிடமும் விடை கூறும் கடமையும் இல்லை.

பதிவேடு இருந்த ஓரிடத்தையும் குறிப்பிடுதல் வேண்டும். கிராமாலயா என்னும் தொண்டு நிறுவனத்தின் துணையோடு, நகரின் எளிய மக்கள் வாழும் பகுதிகளில் மாநகராட்சி கட்டிய பொதுக் கழிப்பிடங்களை அப்பகுதி மகளிர் குழுக்கள் ஏற்று நடத்தின. பயன்படுத்துவோரிடம் சிறு கட்டணம் பெற்று, வரவு செலவை எழுதி, ஊதியம் கொடுத்துத் தூய்மை செய்வித்து, எஞ்சியதைத் தெருவின் நலத்திற்குச் செலவிட்டனர். 2002இல் கல்மந்தைப் பகுதி திறந்தவெளியில் மலங்கழித்தல் அற்ற குடியிருப்பாக அறிவிக்கப்பட்டது. இங்கே உறுப்பினர்க்கும் அலுவலர்க்கும் இடையே மூன்றாவதாக ஒரு கை வந்து நின்றது.

இனி, இவ்வாராய்ச்சிக்கு மிகவும் பயன்படும் காலம் உறுப்பினரே இல்லாத காலமாகும். 1986இல் தேர்வான மன்றங்களின் காலம் 1991இல் முடிந்தபின் 1996 வரை தேர்தல் இல்லை. 2016 அக்டோபரில் நடைபெறவிருந்த தேர்தலுக்கான அறிவிப்பைச் சென்னை உயர்நீதிமன்றம் நீக்கியது. அம்மாதமே மன்றத்தின் காலமும் முடிந்தது. அதுமுதல் 2022 மார்ச்சில் புதிய உறுப்பினர் பதவியேற்கும் வரை, ஐந்தாண்டிற்கு மேலாகத் திருச்சிராப்பள்ளியில் தனி அலுவலரின் ஆட்சியே நிகழ்ந்தது. 2018 ஆகஸ்டில் வெள்ளப்பெருக்கில் முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதி மதகுகள் உடைந்தபோதும், கொள்ளிடத்துப் பழைய பாலத்தின் தூண்கள் சாய்ந்தபோதும், 2020இல் கொரோனா நோய் பரவியபோதும் எந்த வட்டத்திலும் உறுப்பினரில்லை. அணை பொதுப்பணித் துறைக்குரியதாயினும், கரையில் வாழ்ந்தோர் கேட்க நினைத்த வினாக்களைக் கொண்டுசெல்ல வேண்டியவர் இருந்திலர்.

அக்காலத்தில் நகராட்சி இயங்காமல் நின்றதா எனின், இல்லை. குப்பை அள்ளப்பட்டது; குழாயில் நீர் வந்தது; தூய்மைப் பணியாளரும் சுகாதார ஊழியரும் நோய்க்காலத்தில் வீடுதோறும் சென்றனர். அலுவலர் இன்றி ஒருநாளும் நகரம் இயங்காது. உறுப்பினர் இன்றி ஐந்தாண்டு இயங்கும் என்பது இதனாற் பெறப்படும். உறுப்பினர் வேண்டா என்று இதுகொண்டு முடிவு செய்வாரும் உளர். கற்றோர் சிலரும் அவ்வாறு கூறக் கேட்டிருக்கின்றேன். அது பிழையான முடிவு. முறையீடு தொலைபேசி வழியாகவும் இணைய வழியாகவும் அலுவலரை அடைந்தது. எண் ஒன்று பெற்றது. உரிய பிரிவிற்குச் சென்றது. தனியொருவரின் குறையாக அது வந்தது; தனியொருவரின் குறையாகவே முடிந்தது. ஒரு தெரு முழுதும் பத்தாண்டாகச் சாக்கடையின்றி இருத்தலும், மற்றொரு தெருவில் ஈராண்டிற்கொருமுறை சாலை போடப்படுதலும் தனி மனுக்களில் தோன்றா. இவ்வேறுபாட்டை ஒருங்கு வைத்து, பலர் கேட்க, வரவு செலவுத் திட்டத்தின்மீது வினவும் அவை அவ்வாண்டுகளில் கூடவில்லை. எத்தெருவிற்கு முதலில் செய்வது என்பதை அலுவலரே முடிவு செய்தனர். அவர்கள் நேர்மையாகவே செய்திருக்கலாம். ஆயினும் ஏன் என்று கேட்கும் உரிமையுடையார் எவருமில்லை.

2022 பிப்ரவரித் தேர்தலில் 65 வட்டங்களுக்கு உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட்டனர், மு. அன்பழகன் மேயரானார். மகளிர்க்குரிய ஒதுக்கீடு இம்முறை பாதியாக உயர்ந்திருந்தது. அவ்வாண்டிலேயே வட்டக் குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்கும் விதிகள் வகுக்கப்பட்டு, நவம்பர் முதல் நாளன்று பகுதி சபைகள் கூடின. 1998இல் இயற்றப்பட்டு நெடுநாள் உறங்கிய நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பகுதி சபையில் குடிமக்கள் கூறுவதை உறுப்பினர் முன்னிலையில் அலுவலர் குறித்துக்கொள்கின்றனர். பேசுவோர் தமிழிலேயே பேசுகின்றனர். குறிப்பும் தமிழிலேயே எழுதப்படுகின்றது. நூறாண்டிற்கு முன் ஆங்கிலக் குமாஸ்தாவின் கையில் நிகழ்ந்த மாற்றம் இன்று நிகழ வேண்டுவதில்லை. அக்குறிப்பேடுகளைப் பாதுகாத்து வைத்தல் மாநகராட்சியின் கடமை. பெருமக்களின் பெயர்ப்பட்டியலினும் ஒரு தெருவின் வரலாற்றுக்கு அவையே முதன்மைச் சான்றாகும்.

2023ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு மாநகராட்சி மேயர்க்கு மாதம் 30,000 ரூபாயும், துணை மேயர்க்கு 15,000 ரூபாயும், உறுப்பினர்க்கு 10,000 ரூபாயும் மதிப்பூதியமாக வழங்க முன்வந்தது. உறுப்பினரின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து மனுக்களைப் படியெடுப்பவர்க்கு அதில் பங்கு கூறப்படவில்லை.